பாடமும் பணியும்: அமெரிக்கக் கிறிஸ்தவக் கல்லூரி ஆயத்தப் பள்ளிகளில் கல்வித் தரமும் சமய நோக்கமும்

1. கேள்வியும் இதுவரையிலான விளக்கங்களும்

அமெரிக்காவில் கல்லூரி ஆயத்தப் பள்ளி என்பது மாணவரை நான்காண்டுக் கல்லூரிப் படிப்புக்குத் தயார்செய்வதையே முதல் வேலையாகக் கொண்ட உயர்நிலைப் பள்ளி. தனியார் நிர்வாகத்தில் உள்ள இத்தகைய பள்ளிகளில் பல, ஏதோ ஒரு கிறிஸ்தவ மரபில் பிறந்தவை. இன்றும் தம்மைக் கிறிஸ்தவப் பள்ளி என்று அறிவித்துக்கொள்பவை பெற்றோருக்கு இரண்டு உறுதிகளைச் சேர்த்தே தருகின்றன. ஒன்று, நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்குக் கடுமையான கல்வி. மற்றது, விசுவாசத்தில் ஊன்றிய வாழ்க்கை. முதல் உறுதி நிறைவேறியதா என்பதைப் பள்ளிக்கு வெளியே இருக்கும் கல்லூரிகளும் தேர்வு வாரியங்களும் ஆண்டுதோறும் சொல்லிவிடுகின்றன. இரண்டாவதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. ஒன்று அளக்கப்பட்டு மற்றொன்று அளக்கப்படாமல் இருக்கும்போது, ஒரே பள்ளிக்குள் இரண்டும் எவ்வாறு உடன்வாழ்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு மூன்று வகை விளக்கங்கள் உள்ளன. முதலாவது, வரலாற்றாசிரியர்களின் விலகல் கோட்பாடு. ஜார்ஜ் மார்ஸ்டன் 1994-லும் ஜேம்ஸ் பர்ட்செல் 1998-லும் வெளியிட்ட நூல்கள் அமெரிக்கக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தம் திருச்சபை வேர்களிலிருந்து விலகிய வரலாற்றை ஆராய்ந்தன. யாரும் திட்டமிட்டு சமயத்தை வெளியேற்றவில்லை. ஒவ்வொன்றும் நியாயமாகத் தோன்றிய சிறு முடிவுகள் சேர்ந்தே அந்த விலகலை உண்டாக்கின என்பது அவற்றிலிருந்து பெறப்படும் கருத்து. இரண்டாவது, கல்வியாளர்களின் ஒருங்கிணைப்புக் கோட்பாடு. பாடத்தையும் விசுவாசத்தையும் இரண்டாகப் பார்ப்பதே பிழை என்பது இதன் நிலை. மூன்றாவது, சமூகவியலாளர்களின் பார்வை. சமய நோக்கத்தை முழுமையாகக் கடைப்பிடிக்கும் பள்ளி தன் மாணவரை வெளியுலகின் கேள்விகளிலிருந்து அடைத்துவைக்கிறது என்ற விமர்சனம் இங்கிருந்து எழுகிறது.

மூன்றும் பாடத்திட்டத்தையே போராட்டக் களமாகக் கொள்கின்றன. ஆனால் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுச் சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஆயத்தப் பள்ளியின் பாடத்திட்டம் நெடுங்காலமாகவே பள்ளியின் கையில் இல்லை என்பது புலப்படும். சமய நோக்கம் நிலைத்ததும் நழுவியதும் பெரும்பாலும் வேறு மூன்று இடங்களில்: ஆசிரியர் நியமனம், மாணவர் சேர்க்கை, கட்டணம்.

2. ஆண்டோவர்: ஒரே பாடத்திட்டம், இரு பயன்

சாமுவேல் பிலிப்ஸ், விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1778-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரில் பிலிப்ஸ் அகாதெமியை நிறுவினார். அவருடைய பெரிய குடும்பத்தைச் சேர்ந்த ஜான் பிலிப்ஸ் 1781-இல் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸ்டரில் இன்னொன்றைத் தொடங்கினார். இரண்டும் கால்வினிய விசுவாசத்தின் பிள்ளைகள். மாணவரின் ஒழுக்கத்தைப் பேணுவது ஆசிரியரின் தலையாய கடமை, கல்வி அதற்கு அடுத்ததே என்று நிறுவன ஆவணங்கள் வரிசைப்படுத்தின.

அந்தக் காலத்தில் இரு நோக்கங்களும் மோதிக்கொள்ள வழியே இல்லை. ஹார்வர்டும் யேலும் நுழைவுக்கு லத்தீனும் கிரேக்கமும் கேட்டன. போதகராக விரும்பியவனுக்கும் அவையே தேவைப்பட்டன. ஒரே பாடத்திட்டம் கல்லூரிக்கும் பிரசங்க மேடைக்கும் உதவியது. 1805-இல் ஹார்வர்டின் இறையியல் பேராசிரியர் பதவி திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் சாய்வுடைய ஹென்றி வேருக்குச் சென்றபோது, பழைமை வழுவாத கால்வினியர் ஆண்டோவர் குன்றிலேயே 1807-இல் ஓர் இறையியல் கல்லூரியை அமைத்தனர். அகாதெமியின் அறங்காவலர் குழுவே அதையும் நிர்வகித்தது. அங்கே படித்த இளைஞர்கள் கொடுத்த தூண்டுதலால் 1810-இல் அமெரிக்க மிஷன் சங்கம் உருவாயிற்று.

நிலைமை மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். ஹார்வர்டு 1886-இல் கட்டாயச் சிற்றாலய வழிபாட்டைக் கைவிட்டது. அதன் தலைவர் சார்லஸ் எலியட் தலைமையில் அமைந்த பதின்மர் குழு 1893-இல் அளித்த அறிக்கை, உயர்நிலைப் பள்ளிகளில் என்னென்ன பாடங்கள் எவ்வளவு காலம் கற்பிக்கப்பட வேண்டும் என்பதைத் தேசிய அளவில் வரையறுக்க முயன்றது. 1900-இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அமைந்தது. மறு ஆண்டே முதல் தேர்வுகள் நடந்தன. கணிதம், மொழிகள், வரலாறு, அறிவியல் என்று நீண்ட அந்தப் பட்டியலில் வேதாகமத்துக்கு இடமில்லை. அதைத் தடைசெய்தவர் எவருமில்லை. தேர்வில் இல்லாத பாடம் மாணவரின் நேரத்துக்காகத் தேர்வில் உள்ள பாடத்தோடு போட்டியிட வேண்டியதாயிற்று, அவ்வளவே நடந்தது. ஆண்டோவர் இறையியல் கல்லூரி 1908-இல் குன்றைவிட்டுக் கேம்பிரிட்ஜுக்கு இடம்பெயர்ந்தது. அகாதெமி நாட்டின் புகழ்மிக்க ஆயத்தப் பள்ளிகளில் ஒன்றாக இன்றும் இயங்குகிறது; எந்தத் திருச்சபையின் பெயராலும் அல்ல. விலகல் கோட்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

3. வட்டுக்கோட்டை: அதே கேள்வியின் முந்தைய வடிவம்

ஆண்டோவர் குன்றில் பிறந்த சிக்கல் தமிழ் மண்ணில் அதற்கு முன்பே வெடித்திருந்தது. ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் பயின்ற டேனியல் புவர், அமெரிக்க மிஷன் இலங்கைக்கு அனுப்பிய முதல் குழுவினருடன் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தார். 1823-இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரிக்கு அவரே முதல்வர். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல், வேதாகமம் என விரிந்த அதன் கல்வி அக்காலத் தென்னாசியாவில் மிக உயர்ந்ததாக மதிக்கப்பட்டது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவர்கள்.

அந்த வெற்றியே வினையாயிற்று. ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்துக்கு வழி திறந்ததால் மாணவர் திரண்டனர். ஊழியத்துக்கு வந்தவர் சிலரே. மிஷன் சங்கத்தின் செயலாளரும் ஆண்டோவரின் பழைய மாணவருமான ரூஃபஸ் ஆண்டர்சன் 1855-இல் நேரில் வந்து ஆராய்ந்தார். மிஷனின் பணம் சுதேச மொழியில் போதகரையும் உபதேசியாரையும் உருவாக்கவே செலவிடப்பட வேண்டும், சம்பள வேலைக்கு ஆள் தயாரிக்க அல்ல என்பது அவருடைய கொள்கை. செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. பின்னர் உள்ளூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வற்புறுத்தலால் 1872-இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

இந்த நிகழ்ச்சியில் இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது. கல்வியின் பலன் மாணவனுக்குச் சொந்தம், அதை அவன் விரும்பியபடி செலவிடுவான் என்பதை ஆண்டர்சன் சரியாகக் கண்டார். ஆனால் கல்வியைக் குறைத்தால் நோக்கம் காப்பாற்றப்படும் என்ற அவருடைய முடிவை, மக்கள் கல்வியையே கேட்டுத் திரும்பி வந்தது பொய்யாக்கியது. தரமான கல்வி இல்லாத சமயப் பள்ளிக்கு மாணவர் வருவதில்லை. தரமான கல்வி தந்தால் அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதைப் பள்ளி கட்டுப்படுத்த முடிவதில்லை. பிற்காலத்து அமெரிக்கப் பள்ளிகள் இந்த இருதலைச் சிக்கலிலிருந்து விடுபடவே இல்லை.

4. மூடியின் பள்ளிகள்: கட்டணமும் உழைப்பும்

நற்செய்திப் பிரசங்கியார் டுவைட் மூடி அதிகம் படித்தவர் அல்லர். தம் சொந்த ஊரான மாசசூசெட்ஸின் நார்த்ஃபீல்டில் 1879-இல் பெண்களுக்கும், ஆற்றின் மறுகரையில் 1881-இல் மவுண்ட் ஹெர்மன் என்ற பெயரில் ஆண்களுக்கும் பள்ளிகள் தொடங்கினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிகள் வேரூன்றிவந்த காலம் அது. ஆங்கிலிக்கன் குரு எண்டிகாட் பீபடி 1884-இல் தொடங்கி 1940 வரை தலைமையேற்ற கிராட்டன் பள்ளி அவ்வகையில் புகழ்பெற்றது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அங்கே படித்தவர். நாள்தோறும் வழிபாடு, பொதுச்சேவை இலட்சியம் எல்லாம் கிராட்டனிலும் இருந்தன. ஆனால் அந்த இலட்சியம் எட்டியது பெரும்பாலும் செல்வர் வீட்டு மகன்களை.

மூடி வேறு வழியில் போனார். ஆண்டுக் கட்டணம் 100 டாலர். ஒரு மாணவருக்கு ஆகும் செலவில் ஏறத்தாழப் பாதி. மீதியை நன்கொடையாலும், தம் கூட்டங்களின் பாடகர் சாங்கியுடன் சேர்ந்து வெளியிட்ட பாடல் புத்தகங்களின் உரிமைத்தொகையாலும் ஈடுகட்டினார். எல்லா மாணவரும் நாள்தோறும் உடலுழைப்பு வேலை செய்தார்கள். பூர்வகுடியினர், கறுப்பினத்தவர், சீனர் ஆகியோரும் தொடக்க ஆண்டுகளிலேயே சேர்க்கப்பட்டனர். வேதாகமம் பாடத்திட்டத்தின் முறையான பகுதி.

இதன் விளைவு விரைவில் தெரிந்தது. 1886 கோடையில் மவுண்ட் ஹெர்மனில் கூடிய சுமார் 250 கல்லூரி மாணவர்களில் 100 பேர் வெளிநாட்டு மிஷன் பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தனர். அதிலிருந்து 1888-இல் உருவான மாணவர் தன்னார்வ இயக்கத்தின் வழியாகப் பின்னாளில் 20,000-க்கும் மேற்பட்டோர் பல நாடுகளுக்குச் சென்றனர். ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் நார்த்ஃபீல்டு பள்ளியில் பயின்றவர். தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்து, பின்னர் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணியே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

ஆயினும் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையைப் பள்ளியின் சாதனையாகக் கணக்கிடுவதில் எச்சரிக்கை வேண்டும். அவர் மூன்றாம் தலைமுறை மிஷனரிக் குடும்பத்தவர். பள்ளி உருவாக்கியது எவ்வளவு, குடும்பத்திலிருந்து வந்தது எவ்வளவு என்ற கேள்வி இங்கேயும் உண்டு. கீழே காணப்போகும் புள்ளியியல் ஆய்வுகளிலும் உண்டு.

இரு பள்ளிகளும் 1971-இல் இணைந்தன. 2005 முதல் மவுண்ட் ஹெர்மன் வளாகத்தில் மட்டும் இயங்குகின்றன. இன்று நார்த்ஃபீல்டு மவுண்ட் ஹெர்மன் எந்தச் சமயப் பிரிவையும் சாராத உறைவிடப் பள்ளி. மூடி ஏற்படுத்திய அன்றாட உழைப்பு முறை இன்னும் நீடிக்கிறது. அவர் பிரசங்கித்த சுவிசேஷம் பள்ளியின் அடையாளமாக நீடிக்கவில்லை. பழக்கமாகிவிட்ட ஒரு நடைமுறை தன் சமயக் காரணம் மறைந்த பிறகும் வாழும் என்பதற்கு இது சான்று. நடைமுறை இருப்பதாலேயே காரணமும் இருக்கிறது என்று கருத முடியாது என்பதற்கும் இதுவே சான்று.

5. ஸ்டோனி புரூக்: ஒருங்கிணைப்புக் கொள்கை

நியூயார்க்கின் லாங் தீவில் 1922-இல் தொடங்கப்பட்ட ஸ்டோனி புரூக் பள்ளி இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் உலகம் நவீனவாதிகள், அடிப்படைவாதிகள் என இரண்டாகப் பிளந்துகொண்டிருந்த நேரம் அது. டார்வினையும் வேதாகம விமர்சனத்தையும் எதிர்த்தவர்கள் அறிவுத் துறைகளிலிருந்தே ஒதுங்கத் தொடங்கியிருந்தார்கள். பழைமையான விசுவாசத்தையும் முதல்தரக் கல்லூரிக்கான ஆயத்தத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று காட்டவே இந்தப் பள்ளி எழுந்தது. ஹார்வர்டில் முதுகலை முடித்திருந்த பிராங்க் கேபலைன் இருபத்து மூன்று வயதில் தலைமை ஆசிரியரானார்; 1963 வரை அப்பொறுப்பில் இருந்தார். தொழிலைவிடப் பண்பே முந்தியது என்பது பள்ளியின் முழக்கம்.

கேபலைன் 1954-இல் வெளியிட்ட 'தி பேட்டர்ன் ஆஃப் காட்ஸ் ட்ரூத்' என்ற நூல் கிறிஸ்தவக் கல்விச் சிந்தனையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. எங்கே காணப்பட்டாலும் உண்மை அனைத்தும் கடவுளுடையதே என்ற பழைய கருத்து அதன் அடித்தளம். அகஸ்டீனிடமே அதன் வேர் உண்டு. இந்தக் கருத்தை ஏற்றால், கணிதமோ வேதியியலோ தனியாக ஒரு சமயப் பூச்சைக் கேட்பதில்லை. அவற்றை நேர்மையாகக் கற்பிப்பதே சமயக் கடமையாகிவிடுகிறது. அரைகுறைக் கல்வியைப் பக்தியால் மூடிமறைக்க இது இடம் தருவதில்லை. அதே சமயம், எல்லாப் பாடங்களும் விசுவாசத்தோடு ஒரே அளவுக்கு இணைவதில்லை என்பதையும், கணிதத்தில் அது மிகக் கடினம் என்பதையும் கேபலைன் மறைக்கவில்லை. அவருடைய வாதம் இறுதியில் வந்து நிற்பது ஆசிரியரிடம்: விசுவாசமுள்ள ஆசிரியர் இன்றிக் கிறிஸ்தவக் கல்வி நடவாது.

இந்த முடிவு கவனத்துக்குரியது. ஒருங்கிணைப்புக் கொள்கை பாடத்திட்டம் பற்றிய கொள்கையாகத் தொடங்குகிறது; நடைமுறைக்கு வரும்போது நியமனக் கொள்கையாக மாறுகிறது. ஸ்டோனி புரூக் அவ்வாறே செயல்பட்டது. ஆசிரியர்கள் விசுவாச அறிக்கையை ஏற்க வேண்டும். மாணவர் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். மாணவரின் குடும்பம் விசுவாசக் குடும்பமாக இருக்க வேண்டும் என்று கோரும் பள்ளிகள் உடன்படிக்கைப் பள்ளிகள் எனப்படுகின்றன. டச்சுச் சீர்திருத்த மரபினர் 1920-இல் தேசிய ஒன்றியமாகத் திரட்டிய பள்ளிகளின் அடிப்படை அதுதான். பள்ளி அங்கே குடும்பத்தின் நீட்சி. ஸ்டோனி புரூக் போன்றவை திறந்த சேர்க்கைப் பள்ளிகள். முதல் வகை, விசுவாசத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறது. இரண்டாவது, விசுவாசத்தை அறியாதவர் முன் வைக்கிறது. 'சமய நோக்கம்' என்ற ஒரே பெயர் இரு வேறு வேலைகளைக் குறிக்கிறது என்பதை ஆய்வுகள் பல சமயம் பிரித்துப் பார்ப்பதில்லை.

6. 1960-க்குப் பின்: பெருக்கமும் இனப் பிரச்சினையும்

அரசுப் பள்ளிகளில் அரசே வகுத்த ஜெபத்தை 1962-லும், வழிபாட்டு முறையிலான வேதாகம வாசிப்பை 1963-லும் உச்ச நீதிமன்றம் விலக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் சுவிசேஷ சபைகள் நடத்தும் பகல்நேரப் பள்ளிகள் பெருகின. மூன்று சங்கங்கள் இணைந்து 1978-இல் சர்வதேசக் கிறிஸ்தவப் பள்ளிகள் சங்கம் அமைந்தது.

இந்தப் பெருக்கத்துக்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. தென் மாநில அரசுப் பள்ளிகளில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்ற தீர்ப்புகள் நடைமுறைக்கு வந்த அதே காலத்தில்தான் இப்பள்ளிகள் அங்கே முளைத்தன. டேவிட் நெவினும் ராபர்ட் பில்ஸும் 1976-இல் எழுதிய நூல், அச்சமே இவற்றைக் கட்டியது என்று தலைப்பிலேயே சொன்னது. இனத்தைக் காரணம் காட்டித் தனியார் பள்ளிகள் மாணவரை மறுக்க முடியாது என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1983-இல் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தோடு வட கரோலினாவின் கோல்ட்ஸ்பரோ கிறிஸ்தவப் பள்ளிகளும் இனப்பாகுபாட்டுக் கொள்கைக்காக வரிவிலக்கை இழந்தன.

ஜேம்ஸ் கார்ப்பர் போன்ற கல்வி வரலாற்றாசிரியர்கள் இந்த விளக்கத்தை முழுதாக ஏற்பதில்லை. வட மாநிலங்களிலும் மேற்கிலும் எழுந்த பள்ளிகளுக்கு இனக் காரணம் பொருந்தாது, பாடநூல்களின் உலகியல் பார்வையும் ஒழுங்கின்மையும் பற்றிய கவலையே பெற்றோரை உந்தியது என்பது அவர்களின் வாதம். இரண்டு விளக்கங்களும் வெவ்வேறு இடங்களுக்குப் பொருந்துகின்றன. எவ்வாறாயினும் ஒன்று உறுதி: பள்ளி எழுதிவைக்கும் நோக்க அறிக்கையை மட்டும் கொண்டு அதன் நோக்கத்தை அறிய முடியாது. யாரைச் சேர்த்தது, யாரைச் சேர்க்கவில்லை என்பதும் அதன் சமயப் போதனையின் பகுதியே.

7. வெளி அளவுகோலின் வலிமை

பாடத்திட்டத்தின் மீது கல்லூரிக்கு இருக்கும் அதிகாரம் நீதிமன்றத்தில் நேரடியாகச் சோதிக்கப்பட்டது கலிபோர்னியாவில். அம்மாநிலப் பல்கலைக்கழகம் தன் நுழைவுத் தகுதிக்கு எந்தெந்தப் பள்ளிப் பாடங்கள் செல்லும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து ஒப்புதல் தருகிறது. முரியெட்டாவில் உள்ள கல்வரி சாப்பல் கிறிஸ்தவப் பள்ளியின் சில பாடங்களை அது ஏற்கவில்லை. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக அச்சகத்தின் உயிரியல் நூலை அடிப்படையாகக் கொண்ட வகுப்பு அவற்றில் ஒன்று. அமெரிக்க வரலாற்றில் கிறிஸ்தவத்தின் தாக்கம் பற்றிய வகுப்பு மற்றொன்று. பள்ளியும் கிறிஸ்தவப் பள்ளிகள் சங்கமும் 2005-இல் வழக்குத் தொடுத்தன. தங்கள் சமயப் பார்வையே தண்டிக்கப்படுகிறது என்று அவை வாதிட்டன. சமய உள்ளடக்கம் கொண்ட வேறு பல பாடங்களை ஏற்றிருப்பதாகவும், இவற்றை மறுத்தது அறிவியல் முறையும் ஆய்வுத் திறனும் போதிய அளவு கற்பிக்கப்படாததால்தான் என்றும் பல்கலைக்கழகம் பதிலளித்தது. 2008-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றமும் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தன.

பள்ளி தான் விரும்பியதைக் கற்பிக்கத் தடையேதும் இல்லை. அது கல்லூரி ஆயத்தமாகக் கணக்கிடப்படுமா என்பதைக் கல்லூரியே சொல்லும். இதுவே அந்த வழக்கின் பொருள். 'ஆயத்தம்' என்ற உறுதியைத் தரும் கணத்திலேயே பள்ளி இந்த நிபந்தனைக்கு உட்பட்டுவிடுகிறது.

இதற்கு எதிர்வினையாக அளவுகோலையே மாற்ற முயல்வோர் உண்டு. டாரத்தி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரை, இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்ற இடைக்காலக் கல்வி வரிசைக்குத் திரும்பச் சொன்னது. அதைப் பின்பற்றி 1981-இல் ஐடஹோ மாநிலத்தின் மாஸ்கோ நகரில் தொடங்கிய லோகோஸ் பள்ளி, செவ்வியல் கிறிஸ்தவப் பள்ளி இயக்கத்துக்கு முன்மாதிரியாயிற்று. பழம்பெரும் நூல்களை மையமாகக் கொண்ட மாற்று நுழைவுத் தேர்வு ஒன்று 2015-இல் உருவாகி, 2023-இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஏற்பையும் பெற்றது. இந்த முயற்சிகூட முன்சொன்ன முடிவையே உறுதிசெய்கிறது: பாடத்திட்டத்தை மீட்க விரும்புவோர் தேர்விலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

8. சான்றுகள் எதைக் காட்டுகின்றன

ஜேம்ஸ் கோல்மனும் உடன் ஆய்வாளர்களும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு, கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் அரசுப் பள்ளி மாணவரைவிட நன்கு தேறுகின்றனர் என்றது. 1987-இல் வந்த தொடர் ஆய்வு, இடைநிற்றல் கத்தோலிக்கப் பள்ளிகளில் மிகக் குறைவு என்பதைச் சுட்டி, வழிபாட்டுச் சமூகமாகப் பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே காரணம் என்று விளக்கியது. பள்ளியின் சமய வாழ்வு கல்விக்குத் தடையாக இல்லாமல் துணையாகிறது என்பது இதன் உட்பொருள்.

கல்வியில் அக்கறையுள்ள பெற்றோரே இப்பள்ளிகளைத் தேர்வதால் விளையும் மயக்கம் இது என்று விமர்சகர்கள் மறுத்தனர். ஜோசப் ஆல்டோன்ஜி உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2005-இல் இந்தத் தேர்வு விளைவைக் கணக்கில் கொண்டு ஆராய்ந்தார்கள். கத்தோலிக்கப் பள்ளியில் படிப்பது உயர்நிலைக் கல்வியை முடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. தேர்வு மதிப்பெண்ணைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்றில்லை என்பது அவர்கள் முடிவு. பள்ளிச் சமூகம் மாணவனைத் தாங்கிப்பிடிக்கிறது, அவனை மேதையாக்குவதில்லை.

புராட்டஸ்டன்ட் பள்ளிகளைப் பற்றி வேறொரு படம் கிடைக்கிறது. கனடாவின் கார்டஸ் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளியை முடித்து வளர்ந்தவர்களின் வாழ்க்கையை ஒப்பிட்டது. கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தவர்கள் கல்வியில் முந்தினர். புராட்டஸ்டன்ட் பள்ளிகளில் படித்தவர்கள் வழிபாடு, கொடை, மிஷன் பயணம் போன்றவற்றில் முந்தினர். போட்டி மிகுந்த கல்லூரிகளில் சேர்ந்தோர் புராட்டஸ்டன்ட் பள்ளி மாணவரிடையே குறைவு. ஒவ்வொரு மரபும் தான் முதன்மைப்படுத்தியதைப் பெற்றது என்று இதை வாசிக்கலாம். புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் திருச்சபைக் கல்லூரிகளுக்கு அனுப்ப விரும்புவதும் இந்த வேறுபாட்டில் சேர்ந்திருக்கக் கூடும். அந்நிலையில் அது தரக் குறைவின் அடையாளமாகாது.

ஆலன் பெஷ்கின் 1986-இல் வெளியிட்ட நூல், இல்லினாயில் ஓர் அடிப்படைவாத பாப்டிஸ்ட் பள்ளியில் அவர் பதினெட்டு மாதங்கள் உடனிருந்து கண்டதைப் பதிவுசெய்கிறது. வாழ்க்கை முழுவதையும் உள்ளடக்கும் நிறுவனம் என்ற எர்விங் காஃப்மனின் கருத்தாக்கத்தால் அவர் அதை விளக்கினார். ஆசிரியர்களின் அர்ப்பணிப்பையும் மாணவர் மீதான பரிவையும் மனமார ஒப்புக்கொண்டார். மாற்றுக் கருத்துக்கு அங்கே இடமில்லை என்பதைக் கவலையோடு பதிந்தார். நோக்கமும் நடைமுறையும் முற்றிலும் ஒத்துப்போகும் பள்ளியில் திறந்த விசாரணை குறைகிறது என்பது அவருடைய அவதானிப்பின் சாரம். கேபலைனின் கொள்கை இதற்கு மறுமொழியாக முன்வைக்கப்படலாம். எல்லா உண்மையும் கடவுளுடையது என்றால் எந்தக் கேள்விக்கும் அஞ்சத் தேவையில்லை. ஆனால் அந்த மறுமொழி, கேள்வியைத் தாங்கக்கூடிய ஆசிரியர் இருக்கும் இடத்தில் மட்டுமே செல்லுபடியாகும்.

9. மூன்று முடிவுப் புள்ளிகள்

ஆசிரியர் நியமனத்தில் சட்டம் சமயப் பள்ளிகளுக்கு இன்று பரந்த உரிமை தருகிறது. விசுவாசத்தைக் கற்பிக்கும் பொறுப்புள்ள ஆசிரியரை நியமிப்பதிலும் நீக்குவதிலும் அரசு தலையிட முடியாது என்று 2012-லும் 2020-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த உரிமை பள்ளியின் நோக்கத்தைக் காக்கிறது. வயது, உடல்நலம் போன்ற காரணங்களால் வேலையிழந்ததாக முறையிடும் ஆசிரியரின் பாதுகாப்பைக் குறைக்கிறது. நிதியிலும் மாற்றம் வந்துள்ளது. மெய்ன் மாநிலத்தின் கல்வி உதவியைச் சமயப் பள்ளிகளுக்கு மறுக்க முடியாது என்று 2022-இல் தீர்ப்பானது. பொதுப்பணம் வரும்போது பொதுநிபந்தனைகளும் தொடருமா என்ற விவாதம் இதனால் கூர்மையடைந்துள்ளது.

கட்டணம்தான் மூன்றிலும் கடினமான முடிச்சு. முன்னணி உறைவிட ஆயத்தப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் இன்று 60,000 டாலரைத் தாண்டுகிறது. சிறிய வகுப்புகள், உயர்நிலைப் பாடங்கள், கல்லூரி ஆலோசகர், ஆய்வகம் என்று கல்லூரி எதிர்பார்க்கும் ஒவ்வொன்றும் செலவைக் கூட்டுகிறது. செலவு கூடக்கூட வசதியுள்ளோரே வர முடிகிறது. அவர்கள் கொடுக்கும் பணத்துக்கு ஈடாகக் கேட்பது கல்லூரி இடம். மூடி பாதிக் கட்டணம் வாங்கிய காலத்தில் பள்ளி நன்கொடையாளரின் சமய நம்பிக்கைக்குக் கடமைப்பட்டிருந்தது. முழுக் கட்டணம் வாங்கும் பள்ளி பெற்றோரின் எதிர்பார்ப்புக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்ற குறிப்பிடத்தக்க முயற்சி கத்தோலிக்கரிடமிருந்து வந்தது. சிகாகோவின் பில்சன் பகுதியில், மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பங்களுக்காக இயேசு சபையினர் 1996-இல் கிறிஸ்டோ ரே பள்ளியைத் தொடங்கினர். ஒவ்வொரு மாணவரும் மாதத்தில் ஐந்து நாள் ஒரு நிறுவனத்தில் அலுவலக வேலை செய்கிறார்; அந்த ஊதியம் கல்விச் செலவில் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவரை மட்டுமே சேர்ப்பது இதன் விதி. இன்று இம்முறையில் 30-க்கும் மேற்பட்ட பள்ளிகள் பல நகரங்களில் இயங்குகின்றன. மாணவரின் உழைப்பில் பள்ளி நடப்பது நியாயமா, வகுப்பறை நேரம் குறைவதால் கல்வி பாதிக்கப்படாதா என்ற கேள்விகள் எழுந்துள்ளன. எனினும் இங்கே கல்லூரி ஆயத்தமும் சமய நோக்கமும் ஒன்றையொன்று இழுப்பதில்லை. ஏழை மாணவரைக் கல்லூரிக்கு அனுப்புவதே இங்கு அருட்பணி.

10. முடிவுகள்

ஆயத்தப் பள்ளியின் பாடப் பட்டியலை 1900-க்குப் பின் கல்லூரிகளே வகுத்துவருகின்றன. பள்ளிகள் அதற்குள் சிறு மாற்றங்களையே செய்ய முடிந்திருக்கிறது. ஆகவே சமய நோக்கத்தின் வலிமையை வேத பாட வேளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடுவது போதாது. ஆண்டோவரும் நார்த்ஃபீல்டும் காட்டுவது, நல்ல கல்வி மட்டும் நோக்கத்தைக் காப்பாற்றாது என்பதை. வட்டுக்கோட்டை காட்டுவது, கல்வியைக் கைவிடுவதும் காப்பாற்றாது என்பதை. ஸ்டோனி புரூக் நூறாண்டுகள் இரண்டையும் சேர்த்து வைத்திருக்க முடிந்ததற்கு அதன் நியமனக் கொள்கை முதன்மையான காரணம் எனலாம். கிறிஸ்டோ ரே பள்ளிகள் தம் நோக்கத்தைச் சேர்க்கையிலும் கட்டணத்திலும் பொருத்தின.

விலகல் கோட்பாடு நடந்ததைச் சரியாக விவரிக்கிறது. அது தவிர்க்க முடியாதது என்ற எண்ணத்தைத் தருவது அதன் குறை. ஒருங்கிணைப்புக் கோட்பாடு கல்வியின் நேர்மைக்குச் சமயக் காரணம் கற்பித்தது. கட்டணம், சேர்க்கை ஆகியவை பற்றி அது அதிகம் பேசவில்லை. சமூகவியல் விமர்சனம் மூடிய பள்ளியின் ஆபத்தைக் காட்டியது; திறந்த சேர்க்கைப் பள்ளிகளை அதே கவனத்தோடு ஆராயவில்லை. ஒரு கிறிஸ்தவ ஆயத்தப் பள்ளியின் கல்வியும் நோக்கமும் எவ்வளவு பொருந்துகின்றன என்று அறிய விரும்புவோர், அதன் நோக்க அறிக்கையோடு ஆசிரியர் நியமன விதிகளையும், சேர்க்கைப் பதிவேட்டையும், கட்டணச் சலுகைக்கு ஒதுக்கும் தொகையையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.